"கிடைத்தது" என்று ஒரு வரி

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். இணையவழிப் பாடநெறிகளில் படிப்பிப்பவர்களும் படிப்பவர்களும் கட்டாயம் வாசியுங்கள்.

நாங்கள் மூன்று பேர். ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் பயின்றவர்கள். ஒருவர் கணிதம், ஒருவர் சங்கீதம், இதை எழுதுபவர் ஆரம்பக் கல்வி. மருதனார்மடத்தைச் சுற்றித்தான் மூவரும் இருக்கிறோம். பகலில் பாடசாலை. இரவிலும் வார இறுதியிலும் முன்பள்ளி ஆசிரியர்களுக்கான ஓர் இணையவழி டிப்ளோமாவில் பகுதிநேர வளவாளர்கள். அதன் அடுத்த அணி விரைவில் தொடங்க இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த வளவாளர் ஒருவர் போன வாரம் எங்களிடம் கேட்டார்: "மொடியூல் இருக்குது, சூம் ரெக்கோடிங் இருக்குது, ஒப்படைக்குப் புள்ளி போட்டால் சரிதானே சேர், வேறென்ன வேலை எங்களுக்கு?"

நியாயமான கேள்விதான். அவருக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

தூர இருந்து படிப்பது கொரோனாவோடு வந்த புதினம் இல்லை. 1840 இல் இங்கிலாந்தில் மலிவான தபால் சேவை தொடங்கியபோது, ஐசக் பிட்மன் என்பவர் சுருக்கெழுத்தைத் தபால் மூலம் படிப்பிக்கத் தொடங்கினார். மாணவர் எழுதி அனுப்புவார், பிட்மன் திருத்தித் திருப்பி அனுப்புவார். பாடத்தை மட்டும் அச்சடித்து விற்றிருந்தால் அது புத்தக வியாபாரமாகத்தான் இருந்திருக்கும். திருத்திய தாள் திரும்பிப் போனபடியால்தான் அது கல்வியானது. லண்டன் பல்கலைக்கழகம் 1858 இல் வெளிவாரித் தேர்வுகளைத் திறந்துவிட்டது. 1921 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே படித்தவர்களும் அந்த லண்டன் பட்டத்துக்குத்தான் தோற்றினார்கள். பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1969 இல் அமைக்கப்பட்டு 1971 இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அங்கே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு போதனாசிரியர் இருந்தார். ஒப்படையைத் திருத்தி, குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவது அவருடைய வேலையில் பெரும்பங்கு. எங்கள் நாட்டில் 1980 இல் திறந்த பல்கலைக்கழகம் வந்தது. அதே எண்பதுகளில் பயிற்றப்படாத ஆசிரியர்களுக்குத் தொலைக்கல்வி மூலம் பயிற்சி கொடுக்கும் திட்டமும் நடந்தது. எங்களுக்குப் படிப்பித்த மூத்த ஆசிரியர்கள் சிலர் அந்த வழியால் வந்தவர்கள். தபாலில் வந்த சிவப்பு மை எழுத்தை இன்றைக்கும் பெட்டிக்குள் வைத்திருப்பவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள்.

ஆகவே புதிய வளவாளருக்கு நாங்கள் சொன்ன முதல் விடயம் இது: தொலைக்கல்வியில் பின்னூட்டல் என்பது பாடம் முடிந்த பிறகு செய்கிற அலுவல் இல்லை. கற்பித்தலே அதற்குள்தான் நடக்கிறது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எல்லோரும் ஒரே இரவில் இணையத்துக்குத் தள்ளப்பட்டோம். பல்கலைக்கழக மாணவர்களுக்கு லேர்ண் வலையமைப்பின் ஊடாக டேட்டாச் செலவில்லாமல் வகுப்பில் சேர வழி செய்தார்கள். அது பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் எங்கள் மாதிரிச் சிறிய பாடநெறிகளுக்கும் அந்த வசதி இல்லை. வட்ஸ்அப் குழுதான் வகுப்பறை. பிறகு 2022 வந்தது. அந்த வருட மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. போனில் சார்ஜ் இருந்தால் சிக்னல் இல்லை, சிக்னல் இருந்தால் டேட்டா இல்லை. அப்படியும் எங்கள் ஆசிரிய மாணவர்கள் நாற்பதுக்கு மேற்பட்டோர் மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் சேர்ந்திருந்தார்கள்.

சூமில் பார்த்தால் எல்லாம் கறுப்புக் கட்டங்கள். பெயர் மட்டும் வெள்ளை எழுத்தில். வகுப்பறையில் என்றால் பிள்ளை ஒன்று விளங்காமல் முழிப்பதை நாங்கள் முகத்தில் கண்டுவிடுவோம். அந்த முழிப்புத்தான் ஆசிரியருக்கு வருகிற முதல் பின்னூட்டல். திரையில் அது வராது. அவர்களுக்கும் அப்படித்தான். எங்கள் தலையாட்டல், ஒரு சின்னச் சிரிப்பு, கொப்பியைத் தொட்டுக் காட்டுகிற விரல் எதுவும் அவர்களுக்குப் போய்ச் சேராது. அதையெல்லாம் எழுத்தாலோ குரலாலோ ஈடுசெய்தாக வேண்டும். ஈடுசெய்யாவிட்டால் மாணவர் தன்பாட்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்: "எனக்கு இது சரிவராது."

அப்படி முடிவெடுத்த ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்கிறோம். அடையாளம் தெரியும் விபரங்களைத் தவிர்க்கிறோம். எழுதுவதற்கு அவருடைய சம்மதம் இருக்கிறது.

அவர் புத்தளத்தில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறார். குடும்பம் யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பம். 1990 ஒக்டோபரில் எல்லோரோடும் சேர்த்து வெளியேற்றப்பட்டவர்கள். இவர் பிறந்தது அங்கே, ஓலைக் கொட்டிலில். யாழ்ப்பாணத்தை இரண்டொரு தடவைதான் பார்த்திருக்கிறார். எங்கள் டிப்ளோமாவில் சேர்ந்தபோது, "உம்மா நான் யாழ்ப்பாணத்தில படிக்கிறன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியுறா" என்று வொய்ஸ் போட்டிருந்தார். திரைக்குள்தான் என்றாலும் அந்த உம்மாவுக்கு அது யாழ்ப்பாணந்தான்.

முதல் இரண்டு வாரம் வந்தார். பிறகு சத்தமில்லை. ஒப்படையும் வரவில்லை. சங்கீத டீச்சர் ஓர் இரவு அவருக்குப் போன் எடுத்தார். விடயம் அப்போதுதான் வெளியே வந்தது. இதற்கு முன்னர் வேறொரு நிறுவனத்தின் இணையவழிப் பாடநெறியில் சேர்ந்து, மூன்று ஒப்படைகள் அனுப்பியிருக்கிறார். முதலாவதற்கு ஒன்றரை மாதத்துக்குப் பிறகு ஓர் இலக்கம் வந்தது: 48. அவ்வளவுதான், ஒரு சொல் கூட இல்லை. மற்ற இரண்டுக்கும் எதுவுமே வரவில்லை. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்றும் தெரியாது. கட்டணத்துக்குச் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. "48 எண்டா எனக்கு மூளை இல்லை எண்டு விளங்கிச்சு டீச்சர். இஞ்சயும் அப்பிடித்தானே வரும். அதான் அனுப்பயில்ல" என்றார்.

48 என்ற இலக்கம் அவருடைய ஒப்படையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அதனால் அவர் அதைத் தன்னைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். இது அவருடைய பலவீனம் இல்லை. மனிதர் எல்லோரும் அப்படித்தான். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கல்வியியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். மாணவர்களில் ஒரு பகுதியினருக்குப் புள்ளி மட்டும், இன்னொரு பகுதியினருக்குக் குறிப்பு மட்டும், மூன்றாம் பகுதியினருக்குப் புள்ளியும் குறிப்பும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டையும் பெற்றவர்கள் புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே ஆகிவிட்டார்கள். இலக்கத்தைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது, எழுதியது வாசிக்கப்படாமல் போகிறது. 1996 இல் குளூகரும் டெனிசியும் பின்னூட்டல் பற்றிய பழைய ஆய்வுகளிலிருந்து அறுநூறுக்கு மேற்பட்ட முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் பின்னூட்டல் கற்பவரின் செயலைக் குறைத்திருந்தது. அதாவது ஏதோ ஒன்றைச் சொன்னால் போதும் என்பது சரியில்லை. கவனம் வேலையிலிருந்து விலகி ஆளின் மேல் திரும்பினால் பின்னூட்டல் கெடுதலும் செய்யும். "கெட்டிக்காரி" என்பதும் "கவனம் போதாது" என்பதும் இந்த வகையில் ஒன்றுதான். இரண்டும் ஆளைப் பற்றியவை, ஒப்படையில் அடுத்ததாக எதைச் செய்வது என்று சொல்லாதவை.

சகோதரியின் கதைக்கு வருகிறோம். டீச்சர் அவரிடம், "புள்ளி இல்லை. நீங்கள் எழுதினதை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்கோ, நாங்கள் வாசிச்சுச் சொல்லுறம்" என்றார். மறுநாள் மூன்று பக்கம் வந்தது. ஒப்படை: முன்பள்ளிப் பிள்ளை ஒன்றின் விளையாட்டை அவதானித்து எழுதுக. முதல் இரண்டு பக்கத்திலும் மொடியூலில் இருந்த வசனங்கள். "விளையாட்டு பிள்ளையின் முழுமையான விருத்திக்கு உதவுகிறது" என்பது மாதிரி. மூன்றாம் பக்கத்தின் அடியில் நான்கு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஒரு பிள்ளை அகலமான சிரட்டையில் மண் நிரப்பி, அதை ஒடுங்கிய கிளாஸ் ஒன்றுக்குள் கொட்டி, "கூடிட்டு, கூடிட்டு" என்று கைதட்டியதாம்.

நாங்கள் அனுப்பிய பின்னூட்டல் இரண்டு நிமிட வொய்ஸ். சொன்னது இவ்வளவுதான்:

"மூன்றாம் பக்கத்தில் சிரட்டையில் மண் அள்ளின பிள்ளையைப் பற்றி எழுதியிருக்கிறீங்கள். அதுதான் அவதானம். மற்ற இரண்டு பக்கத்தில் இருக்கிறது மொடியூல், அது எங்களுக்கும் தெரியும். இப்ப அந்தச் சிரட்டையிலிருந்து தொடங்குங்கோ. பிள்ளை என்ன செய்தது, என்ன சொன்னது, எத்தனை தரம் செய்தது என்று எழுதுங்கோ. பிறகு ஒரு கேள்வி: மண் கூடவில்லையே, பிள்ளை ஏன் கூடிட்டு எண்டு சொன்னது? நாலாம் அலகைப் பாத்திட்டு உங்கட சொல்லில எழுதுங்கோ. ஞாயிறு இரவுக்கு முதல் அனுப்பினால் திங்கள் பாத்துச் சொல்லுவம்."

சனிக்கிழமையே வந்துவிட்டது. நாலாம் அலகில் இருந்தது பியாஜேயின் கொள்கை. பாத்திரத்தின் உருவம் மாறினாலும் உள்ளே இருக்கும் அளவு மாறாது என்பது அந்த வயதுப் பிள்ளைக்கு இன்னும் பிடிபடுவதில்லை, உயரமாகத் தெரிந்தால் கூடிவிட்டது என்றே நினைக்கும். சகோதரி அதைத் தானே கண்டுபிடித்து, மறுநாள் வேறு இரண்டு பிள்ளைகளிடமும் செய்து பார்த்து எழுதியிருந்தார். ஒரு பிள்ளை "ரெண்டும் ஒண்டுதான்" என்று சொன்னதாம். அது ஏன் என்று இப்போது அவர் எங்களிடம் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை நாங்கள் குழுவில் போட, மன்னாரிலும் முல்லைத்தீவிலும் சிரட்டைகள் நிரம்பத் தொடங்கின.

அவர் அந்த டிப்ளோமாவை முடித்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

கணித சேர் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஹற்றியும் ரிம்பர்லியும் 2007 இல் எழுதினது இதுதானே?" பின்னூட்டல் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய கருத்து. எங்கே போக வேண்டும், இப்போது எங்கே நிற்கிறேன், அடுத்த அடி எது? மூன்றாவதைத்தான் நாங்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஒப்படை திரும்பப் போகும்போது பாடநெறி முடிந்திருக்கும், அடுத்த அடி வைக்க இடமே இருக்காது. ஆகவே இறுதி ஒப்படைக்கு நீண்ட குறிப்பு எழுதுவதை விட முதல் வரைவுக்கு நாலு வரி எழுதுவது பயன்.

சங்கீத டீச்சரின் அனுபவத்தையும் சேர்க்க வேண்டும். மருதனார்மடத்தில் இருந்துகொண்டு சங்கீதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய இராமநாதன் கல்லூரியும், பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகமும் இங்கேதான். காலையில் ரோட்டால் போனாலே எங்கேயோ ஒரு வீணையோ மிருதங்கமோ கேட்கும். அப்படியான கலையைத் தொற்றுக் காலத்தில் போனில் படிப்பிக்க வேண்டி வந்தது. சூமில் இரண்டு பேர் சேர்ந்து பாட முடியாது. குரல் பிந்தி வரும், தாளம் விழும். அதோடு சூம் மென்பொருள், விடாமல் ஒலிக்கும் சுருதியைப் பின்னணி இரைச்சல் என்று எடுத்து வெட்டிவிடும். "ஒரிஜினல் சவுண்ட்" என்ற அமைப்பைப் போட்டால்தான் சுருதி வரும். இதைக் கண்டுபிடிக்கவே அவருக்குப் பல நாள் எடுத்தது.

பிறகு அவர் சேர்ந்து பாடுவதை விட்டுவிட்டார். மாணவி மாயாமாளவகௌளையில் சரளி வரிசையைப் பாடிப் பதிவுசெய்து அனுப்புவார். டீச்சர் கேட்டுவிட்டு நேரத்தைக் குறித்து எழுதுவார்: "0:42 இல் ரிஷபம் கொஞ்சம் ஏறிவிட்டது. 0:42 இலிருந்து 0:50 வரை மட்டும் ஐந்து தரம் பாடிப் பதிந்து, அதில் நல்லதைத் தெரிந்து அனுப்பு." கடைசி வசனத்தில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. ஐந்தில் நல்லதைத் தெரிவதற்கு மாணவி தன் குரலைத் தானே ஐந்து தரம் கேட்டாக வேண்டும். கொஞ்ச நாளில் டீச்சர் சொல்ல முதலே மாணவிக்கு எங்கே பிசகுகிறது என்று தெரிய வந்தது. நேரடி வகுப்பில் கூட இது நடப்பதில்லை என்கிறார் டீச்சர். இந்த முறையை நாங்கள் மற்றப் பாடங்களுக்கும் எடுத்துக்கொண்டோம். "பக்கம் 2, மூன்றாம் பந்தி" என்று இடத்தைக் குறிக்காமல் எந்தக் குறிப்பும் எழுதுவதில்லை.

குர்ஆன் மத்ரசாவில் ஓதியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உஸ்தாத் முன்னால் இருந்து ஓதுவோம். ஒரு எழுத்தின் உச்சரிப்புப் பிசகினால் அந்த இடத்திலேயே நிறுத்துவார். திருத்தி ஓதிய பிறகுதான் அடுத்த ஆயத்து. ஓதி முடிந்த பிறகு "பரவாயில்லை, 70" என்று சொன்ன உஸ்தாத் யாரையும் நாங்கள் கண்டதில்லை.

எங்கள் மார்க்கத்தில் எல்லோரும் அறிந்த ஒரு சம்பவமும் இருக்கிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஒருவர் பள்ளிவாசலுக்குள் வந்து அவசரமாகத் தொழுதுவிட்டு வந்து நபி (ஸல்) அவர்களுக்கு ஸலாம் சொல்கிறார். நபியவர்கள் பதில் ஸலாம் சொல்லிவிட்டு, திரும்பப் போய்த் தொழும்படி சொல்கிறார்கள். மூன்று தடவை இப்படி நடக்கிறது. அதற்குப் பிறகு அவர், தனக்கு இதைவிட நன்றாகத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று கேட்கிறார். நபியவர்கள் நிற்பது, ஓதுவது, குனிவது, நிமிர்வது, சுஜூது செய்வது என்று ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றிலும் நிதானம் வரும்வரை இருக்கும்படி சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆளைக் குறைத்து ஒரு சொல் இல்லை. தானாகச் செய்து பார்க்க மூன்று தடவை இடம் இருந்தது. கேட்டபோது அடுத்த அடி தெளிவாகக் கிடைத்தது. எங்களுக்கு இன்னொன்றும் தோன்றும். திருப்பி அனுப்புவதற்கு முதல் ஸலாத்துக்குப் பதில் சொல்லப்பட்டிருக்கிறது. பிழையோடு வந்தவருக்கும் ஸலாத்துக்குப் பதில் உண்டு.

ஒப்படை அனுப்பிய மாணவருக்கு நாங்கள் சொல்லும் "கிடைத்தது" அந்தப் பதில் மாதிரித்தான். அதை அன்றைக்கே சொல்லிவிடுகிறோம். "கிடைத்தது, வியாழன் பார்த்துச் சொல்கிறோம்." ஒரு வரி. அதற்குப் பிறகு வியாழன் மட்டும் மாணவர் நிம்மதியாக நித்திரை கொள்வார். வியாழன் முடியாவிட்டால் வெள்ளி என்று வியாழனே சொல்லிவிட வேண்டும்.

புதிய வளவாளர்களுக்கு நாங்கள் கொடுத்த மற்றக் குறிப்புகளும் சின்னவைதான். நன்றாக இருக்கும் ஓர் இடத்தைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள், "நன்று" என்று மட்டும் போடாதீர்கள். திருத்த வேண்டியவற்றில் இரண்டை மட்டும் தெரியுங்கள், பதினைந்தையும் சிவப்பாக்கினால் ஒன்றும் திருந்தாது. எல்லோரும் விடும் பிழையைக் குழுவில் சொல்லுங்கள், ஒருவர் மட்டும் விடும் பிழையைத் தனியாகச் சொல்லுங்கள். வொய்ஸ் என்றால் இரண்டு நிமிடத்துக்குள், பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுக் கேட்கக்கூடிய அளவில். குறிப்பை முதலில் அனுப்புங்கள், புள்ளியைப் பிறகு. இரண்டு வாரம் சத்தமில்லாதவருக்குக் கட்டாயம் போன் எடுங்கள். "ஏன் வரயில்ல" என்று தொடங்காமல் "சுகமா இருக்கிறீங்களா" என்று தொடங்குங்கள்.

2022 முடிவில் சட்ஜிபிடி வந்த பிறகு இன்னொரு சிக்கல். வழுவழுவென்று ஒரு பிழையும் இல்லாத ஒப்படைகள் வருகின்றன, அதற்குள் முன்பள்ளியும் இல்லை, பிள்ளையும் இல்லை. கண்டுபிடித்துத் தண்டிப்பதில் இறங்கினால் இரவு முழுக்கப் பொலிஸ் வேலைதான் பார்க்க வேண்டும். நாங்கள் ஐந்து நிமிடம் போனில் கதைக்கிறோம். "இந்தப் பிள்ளை எந்தப் பக்கம் இருந்து விளையாடினது? நீங்கள் எங்கே நிண்டீங்கள்?" என்று கேட்கிறோம். தானே எழுதியவர் சந்தோஷமாகக் கதைப்பார். மற்றவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "திருப்பி எழுதித் தாறன்" என்பார். யாரும் வாசிக்க மாட்டார்கள் என்று நினைப்பவர்தான் இயந்திரத்திடம் எழுதுவிக்கிறார். உண்மையில் ஒருவர் வாசிக்கிறார் என்று தெரிந்தால் பலர் மாறிவிடுகிறார்கள்.

கடைசியாக, பாடநெறி நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. இதெல்லாம் நேரம் எடுக்கும் வேலை. நாற்பது ஒப்படையை ஒழுங்காக வாசித்துக் குறிப்பு எழுத ஒரு வாரத்து இரவுகள் போகும். சூமில் கதைத்த மணித்தியாலத்துக்கு மட்டும் கொடுப்பனவு கணக்கிட்டால் வளவாளர் சூமில் கதைத்துவிட்டுப் போய்விடுவார். குறிப்பு எழுதும் நேரத்தையும் வேலையாகக் கணக்கிடுங்கள். ஒரு வளவாளருக்கு இத்தனை மாணவர்தான் என்று எல்லை வையுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று விளம்பரம் போடும்போது, எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இணையவழிப் பாடநெறியில் சேர நினைக்கும் தம்பி தங்கைகளும் காசு கட்ட முதல் அதைத்தான் கேட்க வேண்டும்: "ஒப்படை அனுப்பினால் யார் வாசிப்பது? எத்தனை நாளில் பதில் வரும்?" பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் அவசரப்பட்டுச் சேராதீர்கள்.

உங்களுக்கு எப்போதாவது ஓர் ஆசிரியர் எழுதித் தந்த குறிப்பு இன்னும் ஞாபகத்தில் இருந்தால் கீழே எழுதுங்கள். புதிய வளவாளர்களுக்கு வாசிக்கக் கொடுப்போம். எங்கள் சொல்லால் எவருடைய படிப்பும் நின்றுவிடாமல் அல்லாஹ் காப்பானாக.